பல் போனாலும் சொல் போகாத எஞ்சின்

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், ஏதோ எக்ஸ்பிரஸ் வண்டி தலைதெறிக்க ஓடி வருவதாகத் தோன்றும். கண்ணைத் திறந்தால் ஒரு கரிய எஞ்சின், பையன்கள் பக்கத்தில் ஓடினால் முந்திவிடும் வேகத்தில், மூச்சிரைத்துக்கொண்டு மேடேறும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் காஸ் என்ற சிற்றூரின் மலைப்பாதையில் இன்றைக்கும் கேட்கிற சத்தம் இது. எஞ்சினின் பெயர் ஷே.

சாதாரண நீராவி எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியிலிருந்து நான்கு முறை ‘சக்’ என்று கேட்கும். மூன்று சிலிண்டர் ஷேயில் அது பத்தைத் தாண்டும். உள்ளே இருக்கும் தண்டு இரண்டு, இரண்டரை சுற்றுச் சுற்றினால்தான் பல்சக்கரங்களின் வழியாகச் சக்கரம் ஒரு சுற்று நகரும். சத்தம் எஞ்சினுடையது, வேகம் சக்கரத்தினுடையது. இரண்டுக்கும் நடுவில் கியர் உட்கார்ந்திருக்கிறது. காட்டு மரம் இழுப்பதற்கென்றே பிறந்த இந்தக் கியர் எஞ்சின்களில் சில நூறாண்டு கடந்தும் உயிரோடு இருப்பதற்கும் அந்தக் கியருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பழைய எஞ்சினை ‘மீட்டெடுப்பது’ என்று சொல்கிறோமே, அப்போது மீட்கப்படுவது எது? தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அன்றைய எஞ்சினா, காட்டில் அடிபட்டுத் தேய்ந்து கடைசி நாளில் நின்ற எஞ்சினா? இந்தத் துறையில் நெடுநாளாக நடக்கும் வாக்குவாதம் இது. எனக்குப் படுவது வேறு. ஷே போன்ற எஞ்சின்களுக்கு ‘மூல நிலை’ என்று ஒன்று பெயருக்குத்தான் உண்டு. ரிப்பேர்தான் அவற்றின் வாழ்க்கை. இன்றைய மீட்புப் பணியும் அந்த ரிப்பேரின் தொடர்ச்சியே. எஞ்சின் எந்த வேலைக்காக, எப்படி உருவானது என்று பார்த்தால் இது விளங்கும்.

மலையில் ரயில் ஏற்றுவதற்கு மனிதர் கண்டுபிடித்த வழிகளில் இரண்டு நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயில் ஒன்று. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த இரும்புப்பட்டை வந்துவிடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு 12.28 அடிக்கு ஓரடி என்ற செங்குத்தில் ஏறும். இன்னொன்று ஆனைமலைக்கு அந்தப்புறம் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு 1907 முதல் 1963 வரை ஓடிய கொச்சி சமஸ்தானத்துக் காட்டு டிராம்வே. தேக்கும் ஈட்டியும் இறக்க அமைத்த பாதை. செங்குத்து வந்த இடங்களில் எஞ்சினை நம்பவில்லை; வடத்தில் கட்டிய பாரவண்டி கீழே இறங்க, அதன் கனத்திலேயே காலி வண்டி மேலே ஏறியது.

காஸ் மலைப்பாதையின் மோசமான ஏற்றம் நூற்றுக்குப் பதினொன்று. அதாவது ஒன்பதடிக்கு ஓரடி. ஊட்டிப் பாதையைவிடச் செங்குத்து. ஆனால் நடுவே பல்பட்டை இல்லை, வடமும் இல்லை. வெறும் தண்டவாளத்தின் மேல் வெறும் சக்கரம். பல்பட்டை போடுவது அங்கே வீண் செலவு, ஏனென்றால் மரம் வெட்டும் பாதை நிரந்தரமானது இல்லை. ஒரு சரிவை மொட்டையடித்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்து அடுத்த சரிவில் போடுவார்கள். மண்ணைக் கொத்திச் சமன்செய்து, அங்கேயே வெட்டிய கட்டைகளைப் போட்டு, அவற்றின்மேல் லேசான தண்டவாளம். வளைவுகளோ பாம்பு ஊர்ந்த தடம்போல. நீளமான விறைத்த சட்டத்தில் பெரிய சக்கரங்களைப் பூட்டிய சாதாரண எஞ்சின் இதில் போனால் ஒன்று தடம் புரளும், இல்லை தடத்தையே பிளந்துவிடும்.

இந்தத் தொல்லையை நேரில் அனுபவித்தவர் எஃப்ரைம் ஷே. 1839இல் ஒஹையோவில் பிறந்து, உள்நாட்டுப் போரில் வடக்கர் பக்கம் படையில் இருந்து, பிறகு மிச்சிகன் மாநிலத்தின் ஹேரிங் என்ற ஊரில் மர அறுவை மில்லும் மளிகைக்கடையும் வைத்தவர். அந்தக் காலத்தில் மரம் இழுப்பது பனிக்காலத்து வேலை. உறைந்த தரையில் சறுக்குவண்டியில் ஏற்றிக் குதிரை பூட்டி இழுப்பார்கள். பனி சரியாக விழாத வருஷம் மில் பட்டினி. கோடையிலும் மரம் வந்துசேர வேண்டுமென்று அவர் மரத்தாலேயே தண்டவாளம் போட்டார். சாதாரண எஞ்சினின் உதையை அது தாங்கவில்லை. கடைசியில் ஒரு தட்டைவண்டியின் நடுவே பாய்லரை நிறுத்தி, எல்லாச் சக்கரத்துக்கும் சக்தி போகும்படி தாமே ஒரு எஞ்சினைச் செய்து பார்த்தார். ஒஹையோவின் லிமா நகரத்தில் விவசாயக் கருவிகளும் மில் இயந்திரங்களும் செய்துகொண்டிருந்த பட்டறை ஒன்று 1880இல் அதை விற்பனைக்குக் கட்டியது. 1881 ஜூன் 14 அன்று ஷேக்குக் காப்புரிமை கிடைத்தது, எண் 242,992. அந்தப் பட்டறைதான் பின்னாளில் பெரும் பேர் எடுத்த லிமா லோகோமோட்டிவ் ஒர்க்ஸ். மளிகைக்கடைக்காரரின் எஞ்சின் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனி கலப்பை செய்துகொண்டு காலம் தள்ளியிருக்கும்.

ஷே எஞ்சினை வலப்பக்கமிருந்து பார்க்க வேண்டும். விஷயமெல்லாம் அந்தப் பக்கம்தான். இரண்டு அல்லது மூன்று சிலிண்டர்கள் தையல் மிஷினின் ஊசிபோல மேலும் கீழுமாக அடிக்கும். அவற்றின் கீழே, எஞ்சினின் நீளத்துக்கு ஒரு தண்டு தண்டவாளத்துக்கு இணையாக ஓடும். நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறையில் வேலை செய்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தண்டின் இடையிடையே இருப்பது லாரியின் ப்ரொப்பல்லர் ஷாஃப்டில் உள்ள ‘கிராஸ்’தான். சக்கரத்தருகே போய்ச் சேருமிடத்தில் இருப்பது கிரௌன்-பினியன்தான். லாரியில் அது டிஃபரன்ஷியல் உறைக்குள் ஒளிந்திருக்கும், இங்கே பட்டப்பகலில் வெளியே நின்று சுற்றும். சக்கரங்கள் இரண்டிரண்டு அச்சாகச் சுழல்சட்டங்களில் பூட்டியிருப்பதால் ஒவ்வொரு சட்டமும் வளைவுக்கேற்பத் தானாகத் திரும்பிக்கொள்ளும். வலப்பக்கம் சிலிண்டர்களின் கனம் இருப்பதால் பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். ஒருபக்கம் கனத்த காவடிக்குத் தோளை நகர்த்திக்கொள்வதுபோல. முன்னாலிருந்து பார்த்தால் கோணலாகத்தான் தெரியும். அழகான எஞ்சின் என்று இதை யாரும் சொன்னதில்லை.

கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியின் சக்கரங்களுக்கும் சக்தி போவதுதான் இதன் பெரிய தந்திரம். சாதாரண எஞ்சினில் பின்வண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டிய சுமை. ஷேயில் அதுவும் சேர்ந்து தள்ளும். எடை முழுவதும் தண்டவாளத்தைப் பிடிக்கப் பயன்படுகிறது. உந்துதலும் விட்டுவிட்டு வராமல் சீராக வருவதால் சக்கரம் வழுக்குவது குறைவு. ஈடாகக் கொடுத்தது வேகத்தை. மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து மைலுக்கு மேல் விரட்டினால் தன் உடம்பையே உலுக்கிக்கொள்ளும்.

காப்புரிமை இருந்ததால் மற்றவர்கள் வேறு வழி தேடினார்கள். பென்சில்வேனியாவின் கோரி நகரத்தில் 1888 முதல் 1928 வரை கட்டிய கிளைமாக்ஸ் எஞ்சினில் சிலிண்டர்கள் இருபுறமும் சாய்ந்து நிற்க, தண்டு வயிற்றின் நடுவே ஓடும். ஈரி நகரத்தில் பிறந்த ஹைஸ்லரில் இரண்டு சிலிண்டர்களும் பாய்லருக்கு அடியில் ‘V’ எழுத்துப்போல நிற்கும். மூன்றில் இதுதான் வேகக்காரி. எண்ணிக்கையில் ஷே முதல்: ஏறத்தாழ 2,770. கிளைமாக்ஸ் ஆயிரத்துக்குச் சற்று மேல், ஹைஸ்லர் அறுநூறைத் தாண்டியது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் ஓரிகன் மாநிலத்து வில்லமெட் கம்பெனி 1920களில் ஷேயைப் பார்த்துச் சீர்செய்து 33 எஞ்சின்கள் கட்டியது. அவ்வளவுதான் அந்தக் குடும்பம்.

காஸ் ஊரே ஒரு கம்பெனிக்காகப் பிறந்தது. மேற்கு வர்ஜீனியா காகிதக் கம்பெனி சீட் மலையின் சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்களைக் குறிவைத்து 1901இல் ஊரைப் போட்டது. கம்பெனித் தலைவர் ஒருவரின் பெயரே ஊருக்கும். அடுத்த ஆண்டு மில் ஓடத் தொடங்கியது. நல்ல மரம் பலகைக்கு, மெலிந்தது காகிதக் கூழுக்கு. கடை, வீடு, தேவாலயம் எல்லாம் கம்பெனியுடையது. மலைமேல் முகாம்களில் தங்கிய மரவெட்டிகள் வாரக்கணக்கில் கீழே இறங்க மாட்டார்கள். ஷேக்கள் அவர்களுக்குச் சோறும் ரம்பமும் ஏற்றிக்கொண்டு போய், மரத்தை இறக்கிக்கொண்டு வரும். 1942இல் மோவர் கம்பெனிக்குக் கை மாறியது. 1960 ஜூலை 1 அன்று மில் மூடப்பட்டது.

இந்த அறுபது ஆண்டுகளில் எஞ்சின்கள் எப்படி உயிரோடு இருந்தன என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது. காட்டில் எஞ்சின் படுத்துவிட்டால் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அங்கேயே, மழையில், லாந்தர் வெளிச்சத்தில் சரிசெய்ய வேண்டும். ஷேயின் பாகங்கள் வெளியே தெரிகிறபடி இருந்தது வசதியாகப் போயிற்று. பினியனில் ஒரு பல் உடைந்தால் அதை மட்டும் கழற்றி வேறு போடலாம். லிமாக்காரர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் கொடுத்துப் பட்டியல் அச்சிட்டு அனுப்பினார்கள். பட்டறையில் மூலையில் நிற்கும் உருப்படாத எஞ்சினிலிருந்து பிடுங்கி ஓடுகிற எஞ்சினில் மாட்டுவதும் சகஜம். சக்கரச்சட்டம் ஒன்றுடையது, பாய்லர் இன்னொன்றுடையது, எண் பலகை மூன்றாவதுடையது என்று ஒரே எஞ்சினுக்குள் பல எஞ்சின்கள் குடியிருந்தன. பல் போனால் சொல் போச்சு என்பது மனிதருக்குச் சரி. இவற்றுக்குப் பல் போனால் பல் வைத்துக்கொள்ளலாம்.

கை மாறிக் கை மாறி ஊர் சுற்றியதும் இதனால்தான். காஸ் பட்டறையின் 2ஆம் எண் ஷேயின் கதையில் நமக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. அது 1928இல் கனடாவின் வான்கூவர் தீவில் இருந்த மேயோ லம்பர் கம்பெனிக்காகக் கட்டப்பட்டது. அந்தக் கம்பெனியை நடத்தியவர் மேயோ சிங் என்ற பஞ்சாபி. ஹோஷியார்பூர் மாவட்டத்துத் தம் ஊரின் பெயரையே, பால்டி என்று, பின்னர் அந்த மில் ஊருக்கும் வைத்தார். ஊரில் குருத்துவாரா இருந்தது. மில்லில் சீக்கியரோடு ஜப்பானியரும் சீனரும் வேலை செய்தார்கள். அந்த மில்லுக்கு மரம் இழுத்த எஞ்சின் பிறகு கண்டத்தைக் கடந்து காஸ் வந்து சேர்ந்தது. அதை இன்று ‘அமெரிக்க மரவெட்டிப் பாரம்பரியம்’ என்று ஒரே சொல்லில் அடைத்துக் காட்டும்போது பால்டி விடுபட்டுப்போகிறது. மீட்டெடுப்பவர்கள் வண்ணம் பூசும்போது எந்தப் பெயரை எழுதுவது என்பது சின்ன விஷயம் இல்லை.

மில் மூடியதும் பழைய இரும்புக்காரர்கள் தண்டவாளத்தைப் பெயர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பென்சில்வேனியாவிலிருந்து வந்த ரயில் பைத்தியம் ஒருவர் உள்ளூர் வியாபாரிகளைப் பிடித்து, சட்டமன்ற வாசல்வரை போய், மாநில அரசே வாங்க வேண்டும் என்று மன்றாடினார். 1961இல் அரசு வாங்கியது. 1963இல் மரம் ஏற்றிய தட்டைவண்டிகளுக்கு இருக்கையும் கூரையும் போட்டு முதல் சுற்றுலா வண்டி கிளம்பியது. மூன்றாண்டு இடைவெளிதான். எஞ்சின் ஓட்டியவர்களும் பட்டறையில் சுத்தியல் பிடித்தவர்களும் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களே திரும்பி வேலைக்கு வந்தார்கள். காஸ் பிழைத்ததற்கு அரசின் பணத்தைவிட இந்த மூன்றாண்டுதான் காரணம் என்று நினைக்கிறேன். இருபது ஆண்டு கழித்து யாராவது விழித்துக்கொண்டிருந்தால் எஞ்சின் கிடைத்திருக்கும், அதைத் தட்டிப் பார்த்து நோய் சொல்லும் காது கிடைத்திருக்காது. 1972இல் பட்டறை எரிந்தது, 1982இல் மில் கட்டடம் எரிந்தது. அப்போதும் வண்டி ஓடியது.

காஸின் 5ஆம் எண் ஷே 1905இல் அந்த ஊருக்கென்றே வந்து, இன்றுவரை அதே மலையில் ஏறி இறங்குகிறது. இதை ‘மீட்டெடுக்கப்பட்ட எஞ்சின்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இது ஓயவே இல்லை. எதிர்க்கோடியில் 6ஆம் எண் நிற்கிறது. 1945 மே மாதம் லிமா கட்டிய கடைசி ஷே அது. சுமார் 147 டன் எடை. மேரிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கிளைப்பாதைக்காக மேற்கு மேரிலாந்து ரயில்வே வாங்கியது. நான்கைந்து ஆண்டில் அந்தப் பாதையே மூடப்பட, பால்டிமோர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1980களின் தொடக்கத்தில் காஸுக்கு வந்தபோது அதிகம் தேயாத உடம்போடு வந்தது. வேலை செய்து தேய்ந்தது ஒன்று, வேலை கிடைக்காமல் புதிதாகவே இருந்தது இன்னொன்று. எது ‘அசல்’ என்று கேட்டால் 6ஆம் எண்தான் தொழிற்சாலை நிலைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் அது மரமே இழுக்காத ஷே.

அசல் நிலைக்குத் திருப்ப வேண்டும் என்போர் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. பழைய ரிவெட்டுப் பாய்லரை எடுத்துவிட்டு வெல்டிங் பாய்லர் வைத்தால், ஒரு காலத்துக் கைவேலையின் சாட்சி அழிந்துபோகிறது. ஓட ஓட மிச்சமிருக்கும் பழைய உலோகமும் தேய்கிறது. அதனால் ஒன்றையாவது தொடாமல் அப்படியே வைத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். உலகத்தில் மிச்சமிருக்கும் ஷேக்கள் நூற்றுச் சொச்சம். அதில் பெரும்பாலானவை பூங்காவிலும் அருங்காட்சியகத்திலும் நிற்பவை. சாட்சிக்குப் பஞ்சமில்லை. ஓடுபவைதான் விரல்விட்டு எண்ணும்படி இருக்கின்றன. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலை இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பூட்டியது. அதனால் அது வேறு தேர் ஆகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. ஓடாமல் நின்றுபோன தேரைப் பற்றித்தான் ஊரில் பேச்சு வரும்.

மீட்புப் பணியில் பணமும் காலமும் விழுங்குவது பாய்லர். மலைப்பாதையில் அதன் ஆபத்து இரட்டிப்பு. பாய்லரின் பின்பகுதியில் நெருப்பு எரியும் அறை. அதன் கூரைத்தகடு எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். தண்ணீர் விலகினால் கீழே நெருப்பு, மேலே வெறும் நீராவி. தகடு பழுத்துத் தளர்ந்து, அழுத்தம் தாங்காமல் கிழியும். அந்த நொடியில் பாய்லருக்குள் இருக்கும் டன்கணக்கான கொதிநீர் ஆவியாகப் பொங்கும். சமதளத்தில் தண்ணீர் அளவைக் கண்ணாடிக் குழாயில் பார்த்துக்கொள்ளலாம். பதினொன்று சதவீத ஏற்றத்தில், இருபதடி நீளத்துக்குத் தண்ணீர் இருந்தால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இரண்டடிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். முகம் மேடு நோக்கி ஏறும்போது தண்ணீர் பின்னால் சரிந்து கூரைத்தகட்டை மூடும், கவலை இல்லை. ஆனால் காஸ் பாதையில் வண்டி நேராகத் திரும்ப இடமில்லாத இரண்டு இடங்களில் முட்டுச்சந்துபோலப் போய் நின்று, பின்னோக்கி அடுத்த ஏற்றத்தில் ஏற வேண்டும். அப்போது எஞ்சினின் பின்பக்கம் உயர்கிறது, தண்ணீர் முன்னால் ஓடுகிறது. திருப்பத்துக்கு முன்பே ஃபயர்மேன் போதுமான தண்ணீர் ஏற்றியிருக்க வேண்டும். அதிகமாக ஏற்றினால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் அதை உடைக்கும். இந்தக் கணக்கு எந்தக் கையேட்டிலும் முழுதாக இல்லை. ஏறி ஏறித்தான் வரும்.

1995 ஜூனில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் அருகே ஒரு சுற்றுலா ரயிலின் நீராவி எஞ்சினில் இதுதான் நடந்தது. அது மலை எஞ்சின்கூட இல்லை. தண்ணீர் குறைந்து கூரைத்தகடு கிழிய, எஞ்சினில் இருந்த மூவர் வெந்துபோனார்கள், உயிர் தப்பினார்கள். விசாரணையில் அளவுக் கண்ணாடிக்குப் போகும் வழி அடைபட்டிருந்ததும் பராமரிப்புக் குறையும் வெளிவந்தன. அந்தப் பாய்லரைக் கட்டிய பழைய வடிவமைப்பாளர்கள், தகடு கிழிந்தாலும் படிப்படியாகக் கிழியும்படி தாங்கு ஆணிகளை அமைத்திருந்ததால்தான் மொத்தமாக வெடிக்கவில்லை. அதன் பிறகு அமெரிக்க நடுவண் விதிகள் திருத்தி எழுதப்பட்டு 2000இல் நடைமுறைக்கு வந்தன. 1,472 நாள் ஓடினால், அல்லது பதினைந்து ஆண்டு ஆனால், பாய்லரின் குழாய்களை எல்லாம் உருவி, ஒவ்வொரு அங்குலமாகத் தகட்டின் கனம் அளந்து, மறுபடி கட்ட வேண்டும். கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு குடமுழுக்கு என்றால் நீராவி எஞ்சினுக்குப் பதினைந்து. அதனால் ‘மீட்டெடுத்து முடித்துவிட்டோம்’ என்று யாரும் சொல்ல முடியாது. முடித்த அன்றே அடுத்த தவணைக்கு நாள் எண்ணத் தொடங்கிவிடுகிறது.

கியர் வேலை வேறு மாதிரி. காஸில் உள்ள 9ஆம் எண் கிளைமாக்ஸ் 1919இல் கட்டப்பட்டது. அதே மாநிலத்தின் ராண்டால்ஃப் மாவட்டத்தில் மூர்-கெப்பல் என்ற மரக் கம்பெனியிடம் இருந்தது. உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துத் தொண்டர்கள் வார விடுமுறைகளில் வந்து வந்து பல்லாண்டு உழைத்து, எஞ்சினுக்கு நூறு வயதாகும் 2019இல் மறுபடி நீராவி ஏற்றினார்கள். உலகில் கிளைமாக்ஸ் எஞ்சின்கள் இருபது தேறினால் அதிகம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டயர்ஸ் பள்ளத்தாக்குப் பாதையில் வேலை செய்த 1928ஆம் ஆண்டு கிளைமாக்ஸ் ஒன்றை ‘பஃபிங் பில்லி’ ரயில்வேக்காரர்கள் ஓடவைத்திருக்கிறார்கள். இவற்றுக்குக் கடையில் உதிரிப் பாகம் கேட்க முடியாது; கம்பெனி மூடித் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

தேய்ந்த பல்சக்கரத்தை அப்படியே படியெடுத்தால் தேய்ந்த பல்சக்கரமே கிடைக்கும். அதனால் மிச்சமிருக்கும் பல்லின் சரிவை அளந்து, தேயாத ஓரத்தைத் தேடி, முதலில் அது எப்படி இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டு வரைய வேண்டும். பிறகு மரத்தில் அச்சு. உருக்கு ஆறும்போது நூற்றுக்கு இரண்டளவு சுருங்கும். அதனால் அச்சு செய்பவர் கையில் இருக்கும் அளவுகோலே பொய் அளவுகோல், அதில் ஓரடி என்பது ஓரடி கால் அங்குலம். அந்தப் பொய்யை நம்பிச் செய்தால்தான் வார்ப்பு மெய்யாக வரும். வார்த்த பிறகு பல் வெட்டி, ஜோடியோடு சேர்த்துச் சுற்றிப் பார்த்து, எங்கே உரசுகிறது என்று நீலச் சாயம் தடவிக் கண்டுபிடித்துத் தேய்க்க வேண்டும். புதுப் பினியனைப் பழைய கிரௌனோடு மாட்டினால் சில நாளில் புதியதும் பழையதாகிவிடும். மாற்றினால் ஜோடியாக மாற்று என்பது லாரிப் பட்டறையிலும் உள்ள பாடம்தான்.

இது வெளிநாட்டுக்காரர் மட்டும் செய்யும் வித்தை என்று எண்ண வேண்டாம். திருச்சி பொன்மலைப் பட்டறையில் ஊட்டி ரயிலுக்காக 2011இலிருந்து எக்ஸ் வகைப் பல்சக்கர நீராவி எஞ்சின்களைப் புதிதாகவே கட்டினார்கள். முதலில் எண்ணெயில் எரிபவை, பின்னர் கரியில் எரிவது. சுவிட்சர்லாந்தில் கட்டிய பழைய எஞ்சினின் வரைபடத்தை வைத்துக்கொண்டு புதிய பாய்லர் வளைத்தவர்கள் நம் பட்டறைத் தொழிலாளர்கள். அவர்களின் கைவேலையைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல புத்தகம் வந்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இந்த எஞ்சின்கள் செய்த வேலை நல்ல வேலையா? சீட் மலையின் பழைய ஸ்ப்ரூஸ் காடு அநேகமாக முழுவதும் இவற்றின் முதுகில் இறங்கிப் போயிற்று. வெட்டிப்போட்ட கிளைகளில் எஞ்சின் பொறி விழுந்து எரிந்த இடங்களில் மண்ணே வெந்தது. இன்று அந்த மலையில் மறுபடி ஸ்ப்ரூஸ் நட்டு வளர்க்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அந்த இளங்காட்டைப் பார்த்தபடி, பழைய காட்டை இறக்கிய எஞ்சினில் மேலே போகிறார்கள். தைவானின் அலிஷான் மலையிலும் இதே முரண். ஜப்பானியர் ஆட்சியில் போட்ட 762 மில்லிமீட்டர் அகலப் பாதை அது, ஷேக்கள் ஓடிய பாதை. சந்தனம்போல மணக்கும் ஹினோக்கி சைப்ரஸ் மரங்களை இறக்கத்தான் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. ஆயிரமாண்டு மரங்கள் விழுந்தபின், 1935இல், வெட்டியவர்களே மரங்களின் ஆவிக்கென்று ஒரு தூண் எழுப்பினார்கள். தூணும் நிற்கிறது, மீட்டெடுத்த ஷேக்களும், சில கரிக்குப் பதில் எண்ணெய் குடித்துக்கொண்டு, விசேஷ நாட்களில் ஓடுகின்றன. இரண்டையும் ஒரே பயணத்தில் காட்டுவது சரியான ஏற்பாடு என்றே எனக்குப் படுகிறது. காஸில் எஞ்சின் மட்டும் பேசுகிறது.

பாய்லருக்குள் நெருப்பறையையும் வெளித்தகட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை நூற்றுக்கணக்கான தாங்கு ஆணிகள். ஒவ்வோர் ஆணியின் தலையிலும் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உட்பக்கமாகப் போயிருக்கும். பாய்லருக்குள்ளே யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் ஆணி விரிசல் விட்டால், அந்தத் துளை வழியே சொட்டுச் சொட்டாக ஈரம் கசியும். காய்ந்தால் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளைக் கோடு. காலையில் நெருப்பு மூட்டுவதற்கு முன் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்துப் போவார், சந்தேகம் வந்த இடத்தில் சுத்தியலால் ஒரு தட்டு. நல்ல ஆணி மணிபோல ஒலிக்கும். உடைந்தது மந்தமாக ‘டொக்’ என்னும். அதன்மேல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு அடுத்த ஆணிக்குப் போவார். அன்றைக்கு வேறு எஞ்சின் மலையேறும்.